மரபணு, வேதிப்பொருள், நோய்க்கூறு: பொதுச் சொற்றொகுதிகளை எதற்காக, எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரிய மரபுநோய்த் தரவை வைத்து முதுகலைத் திட்டம் செய்யும் உங்களிடம் ஜீன் ஒன்டாலஜி, கெபி, ஹியூமன் ஃபீனோடைப் ஒன்டாலஜி ஆகிய மூன்று பொதுச் சொற்றொகுதிகளையும் பயன்படுத்தும்படி வழிகாட்டி சொல்லியிருக்கிறார். இவை ஒத்தசொற்களின் பட்டியல்கள்தானே, ஒரு பொருளுக்கு எட்டுப் பெயர் இருந்தால் எட்டையும் ஓர் அட்டவணையில் எழுதிவைத்துத் தேடிக்கொள்ளலாமே, எதற்கு இத்தனை சிக்கல் என்பது நீங்கள் விரிவாகக் கேட்டது. இவற்றில் இருப்பதை அப்படியே உண்மையென்று எடுத்துக்கொள்ளலாமா என்பது கடைசி வரியில் சேர்த்துக் கேட்டது. உங்கள் திட்டத்தின் முடிவுகள் நிற்குமா என்பதை இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கும். அதனால் முதல் கேள்விக்கான விடையையும் அதை நோக்கியே கொண்டுபோகிறேன். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவற்றில் மெய்ப்பிக்கப்பட்டதை இத்தகைய சொற்களால் தரவுத்தளங்களில் பதியும் க்யூரேட்டர் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்; மருத்துவர் அல்லேன். ஆகவே நோயறிதல் குறித்து இங்கே சொல்வதெல்லாம் தரவின் பக்கத்திலிருந்து சொல்வது; ஒரு நோயாளியைப் பற்றிய முடிவை மருத்துவ மரபியலாளர்தான் எடுக்க வேண்டும்.

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் பிடிபடாது என்பதால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன்: ஃபீனைல்கீட்டோனூரியா. 1934-இல் நார்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங், மனவளர்ச்சி குன்றியிருந்த, உடன்பிறந்த இரு குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது பச்சையாக மாறுவதைக் கண்டார். அதற்குக் காரணமான பொருள் ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று பிரித்தறிந்தார். இன்று நமக்குத் தெரிந்தபடி, பிஏஎச் என்ற மரபணு கல்லீரலில் ஒரு நொதியை உண்டாக்குகிறது. டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்ற துணைப்பொருளின் உதவியுடன் அந்த நொதி ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றுகிறது. அது வேலை செய்யாவிட்டால் ஃபீனைல்அலனின் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைப் பாதிக்கிறது. இந்தச் சில வாக்கியங்களில் மூன்று வகையான பொருள்கள் இருப்பதைக் கவனியுங்கள். மரபணுவின் விளைபொருள் செய்யும் வேலை ஒரு வகை; அந்த வேலையில் ஈடுபடும் வேதிப்பொருள்கள் இன்னொரு வகை; வேலை கெட்டால் மனித உடலில் தென்படும் குறைபாடுகள், அதாவது நோய்க்கூறுகள், மூன்றாம் வகை. ஜீன் ஒன்டாலஜி முதல் வகையையும், கெபி இரண்டாம் வகையையும், ஹியூமன் ஃபீனோடைப் ஒன்டாலஜி மூன்றாம் வகையையும் பெயரிட்டு வரையறுக்கின்றன. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோய் இம்மூன்றில் எதிலும் ஒரு சொல்லாக இல்லை. நோய்களைப் பட்டியலிடும் பொறுப்பு ஓமிம், ஆர்ஃபானெட், மோண்டோ போன்றவற்றுக்கு உரியது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஒத்தசொல் பட்டியல் ஒரு பொருளின் பல பெயர்களை ஒன்றாக்கிக் கொடுக்கும். ஆனால் பொருளுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள உறவை அது சொல்லாது. அரோமாட்டிக் அமினோ அமிலங்களைச் சிதைக்கும் மரபணுக்கள் எவை என்று நீங்கள் கேட்டால் பிஏஎச் விடையில் வந்தாக வேண்டும். ஆனால் பிஏஎச் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் ‘ஃபீனைல்அலனின்’ என்றுதான் இருக்குமே தவிர ‘அரோமாட்டிக் அமினோ அமிலச் சிதைவு’ என்ற சொற்றொடர் இருக்காது. எத்தனை ஒத்தசொல்லைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி நிரம்பாது. காரணம், இவை ஒத்தசொற்களே அல்ல, ஒன்று மற்றொன்றின் வகை. ஜீன் ஒன்டாலஜியில் ஃபீனைல்அலனின் சிதைவு என்ற சொல், அரோமாட்டிக் அமினோ அமிலச் சிதைவின் ஒரு வகை என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. கீழே உள்ள சொல்லோடு இணைக்கப்பட்ட மரபணு மேலே உள்ள எல்லாச் சொற்களுக்கும் தானாகவே உரியதாகிறது. ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தாய்ச்சொற்கள் இருக்கலாம் என்பதும் முக்கியம். ஹெக்சோஸ் உருவாக்கம் என்பது ஹெக்சோஸ் வளர்சிதை மாற்றத்தின் வகையும் ஆகும், மானோசாக்கரைடு உருவாக்கத்தின் வகையும் ஆகும். மர வடிவக் கோப்புறை அமைப்பில் இதில் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும். எனவேதான் இவை மரமாக இல்லாமல், சுழற்சி இல்லாத திசைக் கோட்டுருவாக, அதாவது கோடுகளுக்குத் திசை உள்ள, தொடங்கிய சொல்லுக்கே சுற்றித் திரும்பாத வலையாக அமைக்கப்படுகின்றன.

உறவுகளும் ஒரே மாதிரியானவை அல்ல. ‘ஒரு வகை’ என்பது ஓர் உறவு, ‘ஒரு பகுதி’ என்பது வேறு உறவு, ‘கட்டுப்படுத்துகிறது’ என்பது முற்றிலும் வேறு உறவு. முதல் இரண்டின் வழியாக ஒரு மரபணுவின் இணைப்பு மேலே ஏறிச் செல்லலாம். மூன்றாவதன் வழியாகச் சென்றால் பொருள் மாறிவிடும்: உயிரணு இறப்பைக் கட்டுப்படுத்தும் புரதம், உயிரணு இறப்பு என்ற செயல்முறையின் உறுப்பாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சில மென்பொருள்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாக் கோடுகளையும் ஒன்றாகவே நடந்து கடக்கின்றன. நீங்கள் பயன்படுத்தும் கருவி எதைச் செய்கிறது என்று அதன் ஆவணத்தில் பார்த்துவிடுங்கள்.

ஜீன் ஒன்டாலஜி பிறந்த காரணமும் இதே தேவைதான். 1996-இல் ஈஸ்டின் மரபணுத்தொகை முழுமையாகப் படிக்கப்பட்டது. பழ ஈ, எலி ஆகியவற்றின் வேலைகள் நடந்துகொண்டிருந்தன. மூன்று உயிரிகளிலும் ஒரே வேலையைச் செய்யும் புரதங்கள் ஏராளமாக இருந்தும் மூன்று சமூகங்களும் மூன்று வழக்குகளில் எழுதின. ஒரு தரவுத்தளம் ‘டிரான்ஸ்லேஷன்’ என்று எழுதியதை இன்னொன்று ‘புரோட்டீன் சிந்தசிஸ்’ என்று எழுதினால் மனிதர் புரிந்துகொள்வார், கணினி புரிந்துகொள்ளாது. 1998-இல் பழ ஈக்கான ஃபிளைபேஸ், ஈஸ்டுக்கான சாக்கரோமைசிஸ் ஜீனோம் டேட்டாபேஸ், எலிக்கான மவுஸ் ஜீனோம் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஆகிய மூன்றும் கைகோத்தன. கேம்பிரிட்ஜின் மைக்கேல் ஆஷ்பர்னர் அதில் முன்னின்றார். 2000-ஆம் ஆண்டு மே மாதம் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் அறிமுகக் கட்டுரை வந்தது. மூலக்கூறு அளவில் என்ன வேலை, எந்தப் பெரிய உயிரியல் செயல்முறையில் பங்கு, உயிரணுவின் எந்த இடத்தில் என்ற மூன்று பிரிவுகள் அன்று வகுக்கப்பட்டவை, இன்றும் அப்படியே உள்ளன. பிஏஎச் புரதத்தைப் பொறுத்தவரை, ஃபீனைல்அலனின் 4-மோனோஆக்சிஜனேஸ் வினைத்திறன் என்பது முதல் பிரிவிலும், எல்-ஃபீனைல்அலனின் சிதைவு என்பது இரண்டாம் பிரிவிலும் வரும்.

இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜீன் ஒன்டாலஜி, மரபணுவின் இயல்பான வேலையை மட்டுமே பேசும். புற்றுநோயை உண்டாக்குவது எந்த மரபணுவின் இயல்பான வேலையும் அல்ல. ஆகவே ‘புற்றுநோய் உருவாக்கம்’ என்ற சொல் அதில் இருக்காது. அதேபோல மனவளர்ச்சிக் குறைபாட்டைப் பிஏஎச் உடன் இணைக்கும் வேலை ஜீன் ஒன்டாலஜியின் வேலை அல்ல. அதே சொல் வேறு உயிரியில் வேறு பொருளைக் குறிக்கும் சிக்கலும் தொடக்கத்திலேயே வந்தது. பூஞ்சைகளின் வித்து பெரும்பாலும் இனப்பெருக்கத்துக்கானது. பாசில்லஸ் போன்ற பாக்டீரியாவின் அகவித்து கடினமான காலத்தைத் தாக்குப்பிடிப்பதற்கானது. இரண்டுக்கும் ‘ஸ்போருலேஷன்’ என்று ஒரே பெயர். பெயரை வைத்து ஒன்றாக்கியிருந்தால், ஒருவகைப் பாக்டீரியா மரபணுக்களும் ஒருவகைப் பூஞ்சை மரபணுக்களும் உறவே இல்லாமல் ஒரு குழுவில் வந்து சேர்ந்திருக்கும். ஒத்தசொல் பட்டியலால் இதைப் பிரிக்கவே முடியாது; வரையறை எழுதித்தான் பிரிக்க வேண்டும்.

வேதிப்பொருள்களின் பக்கம் வந்தால் பெயர்ச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. கெபி என்பது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஹின்க்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்தும் தொகுதி. 2004-இல் முதன்முதலாகப் பொதுவெளிக்கு வந்தது. சிறிய மூலக்கூறுகளே அதன் எல்லை. மரபணுத்தொகை நேரடியாகக் குறியிடும் புரதங்களையும் நியூக்ளிக் அமிலங்களையும் அது பொதுவாகச் சேர்ப்பதில்லை. உங்கள் ஆய்வகத் தாளில் ‘ஃபீனைல்அலனின்’ என்று ஒரே சொல் இருக்கும். கெபியில் இடவலத் தன்மை குறிப்பிடாத ஃபீனைல்அலனின், எல் வடிவம், டி வடிவம் என்று தனித்தனிப் பதிவுகள் உண்டு. எல் வடிவத்துக்குள்ளும் மின்சுமையற்ற மூலக்கூறு 17295 என்ற எண்ணிலும், ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னும் தாங்கிய இருமுனை அயனி 58095 என்ற எண்ணிலும் இருக்கின்றன. உடலின் அமிலத்தன்மையில், ஏறத்தாழ பிஎச் 7.3-இல், நடைமுறையில் உள்ளது இரண்டாவதுதான். அதனால்தான் ரியா என்ற வினைத் தரவுத்தளம் வினைகளை அந்த வடிவத்தில் எழுதுகிறது. நீங்கள் ஒரு வளர்சிதைப்பொருள் அட்டவணையை 17295 என்று பதிந்துவிட்டு, வினைகளை ரியாவில் தேடினால், எண் பொருந்தாமல் ‘வினை ஏதும் இல்லை’ என்று வெறுங்கையோடு திரும்புவீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று டாட்டோமர், அதாவது ஹைட்ரஜன் மட்டும் இடம்மாறிய வடிவங்கள், என்ற உறவு கெபியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த உறவின் வழியே சென்றால் வினை கிடைக்கும். அமிலமும் அதன் எதிரயனியும் இவ்வாறே இணைக்கப்பட்டிருக்கும். உயிரியலாளர் சிட்ரிக் அமிலம் என்றும் சிட்ரேட் என்றும் மாற்றி மாற்றிச் சொல்வார், வேதியியலாளர் சொல்ல மாட்டார். கெபி இருவரின் பேச்சையும் தனித்தனியே வைத்து இடையில் பாலம் போட்டிருக்கிறது. என் அனுபவத்தில் வளர்சிதைப்பொருள் தரவை வேறொன்றோடு சேர்க்கும்போது காணாமல்போகும் வரிகளில் பெரும்பங்கு இந்த மின்சுமை வேறுபாட்டால்தான் காணாமல்போகின்றன.

ஹியூமன் ஃபீனோடைப் ஒன்டாலஜியின் வேலை 2007-இல் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் பீட்டர் ராபின்சன் குழுவினரால் தொடங்கி, 2008-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஹியூமன் ஜெனடிக்ஸ் இதழில் வெளியானது. ஓமிம் தொகுப்பில் கட்டற்ற நடையில் எழுதப்பட்டிருந்த மருத்துவக் குறிப்புகளைத்தான் முதலில் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். இதன் சொற்கள் பெரும்பாலும் நோயாளியிடம் காணும் குறைபாடுகள்: வலிப்பு, இரத்தத்தில் ஃபீனைல்அலனின் மிகுதி, கண்வில்லை இடம்பெயர்வு. இவை எதுவும் நோய் அல்ல. இந்தப் பிரிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு நம் உதாரணமே சான்று. இரத்தத்தில் ஃபீனைல்அலனின் மிகுந்திருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குக் காரணம் பிஏஎச். ஆனால் மிகச் சிலருக்கு நொதி நன்றாகவே இருந்து, அதற்கு வேண்டிய டெட்ராஹைட்ரோபயாப்டெரின் உருவாவதிலோ புதுப்பிக்கப்படுவதிலோ கோளாறு இருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. மூளையில் டோபமினும் செரட்டோனினும் குறைந்துபோவதற்கும் சிகிச்சை வேண்டும். ஆய்வகம் கண்டதை ‘ஃபீனைல்கீட்டோனூரியா’ என்று பதிந்தால் இந்த வாய்ப்பு பதிவிலேயே மூடப்பட்டுவிடுகிறது. ‘ஃபீனைல்அலனின் மிகுதி’ என்று பதிந்தால் திறந்திருக்கிறது. கண்டதைக் கண்டபடி பதிவது, காரணத்தைப் பிறகு தேடுவது என்ற ஒழுங்கை இந்தச் சொற்றொகுதி நம் மீது சுமத்துகிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற நோய் வகைப்பாடு இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வியும் எழும். ஐசிடி எண்ணிக்கைக்காகவும் கணக்கீட்டுக்காகவும் உருவானது. ஒவ்வொரு நோயாளியும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் விழுந்தே ஆக வேண்டும். ஐசிடி 10-ஆம் திருத்தத்தில் இ70.0 என்பது செவ்வியல் ஃபீனைல்கீட்டோனூரியா, இ70.1 என்பது ‘பிற’ ஃபீனைல்அலனின் மிகுதிகள். எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு இந்தப் ‘பிற’ போதும்; எந்த மரபணுவைப் பார்ப்பது என்று தேடுபவருக்கு அதில் ஒன்றும் இல்லை. மருத்துவமனைப் பதிவேடுகளுக்கான ஸ்னோமெட் சிடி என்ற சொற்றொகுதி இன்னும் விரிவானது, இந்தியா 2014-இல் அதன் உறுப்பு நாடானதால் இங்கே உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனாலும் அரிய மரபுநோய்களின் நுண்ணிய உடற்கூறு வேறுபாடுகளுக்கு ஹியூமன் ஃபீனோடைப் ஒன்டாலஜியே ஆழமாகச் செல்கிறது.

அந்த ஆழத்தின் பயன், ஒப்பிடும்போது தெரியும். ஒரு மருத்துவர் ‘கண்வில்லை இடம்பெயர்வு’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘கண்வில்லைக் குறைபாடு’ என்று மட்டும் எழுதுகிறார். எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் தேடல் இவர்களைத் தொடர்பற்றவர்களாகவே காணும். கோட்டுருவில் இருவருக்கும் அருகிலேயே ஒரு பொது மூதாதைச் சொல் இருக்கிறது. அந்தப் பொதுச் சொல் எவ்வளவு அரிதானதோ அவ்வளவு மதிப்பெண் கொடுப்பது என்ற அடிப்படையில்தான் 2009-இல், நோய்க்கூறுகளைக் கொண்டு பொருந்தும் நோய்களை வரிசைப்படுத்தும் ஃபீனோமைசர் கருவி அமைந்தது. எக்சோமைசர் போன்ற கருவிகள் இதே எண்ணத்தை மரபணு மாற்றங்களை வரிசைப்படுத்தப் பயன்படுத்துகின்றன. வலிப்பு எத்தனையோ நோய்களில் வருவதால் அதன் எடை குறைவு. கண்வில்லை இடம்பெயர்வு மிகச் சில நோய்களிலேயே வருவதால் அதன் எடை அதிகம். இல்லாததையும் பதிய வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். உயரமான மெலிந்த உடல், கண்வில்லை இடம்பெயர்வு ஆகிய இரண்டும் மார்ஃபான் நோய்க்குறியிலும் உண்டு, ஹோமோசிஸ்டினூரியாவிலும் உண்டு. அறிவுத்திறன் குறைபாடு பின்னதில் அடிக்கடி வரும், முன்னதில் பொதுவாக வராது. ‘அறிவுத்திறன் குறைபாடு பார்க்கப்பட்டது, இல்லை’ என்ற ஒரு வரி பல நேரங்களில் இருப்பதைப் பதிந்த ஐந்து வரிகளை விட உதவும். உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு நெடுவரிசை இல்லையென்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

மூன்று தொகுதிகளும் தனித்தனித் தீவுகள் அல்ல. இரத்தத்தில் ஃபீனைல்அலனின் மிகுதி என்ற நோய்க்கூறுக்குக் கணினி படிக்கத்தக்க வரையறை எழுதும்போது, வேதிப்பொருளின் பெயர் கெபியிலிருந்தும், ‘மிகுதி’ என்ற பண்பு பேட்டோ என்ற தொகுதியிலிருந்தும், இரத்தம் என்பது உடலமைப்புக்கான உபெரானிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. ஜீன் ஒன்டாலஜியின் வளர்சிதை மாற்றச் சொற்களும் கெபியின் வேதிப்பொருள்களைக் கொண்டு வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எலியின் பிஏஎச் மரபணுவைக் கெடுத்து ஒருவர் கண்ட குறைபாட்டையும், ஒரு குழந்தையின் ஆய்வக முடிவையும் ஒரே கணக்கில் ஒப்பிட வழி கிடைக்கிறது. எலிக்கான நோய்க்கூறுச் சொற்கள் வேறு தொகுதியில் இருந்தாலும் இரண்டின் வரையறையும் ஒரே வேதிப்பொருளையே சுட்டுகின்றன. 2007-இல் ஓபிஓ ஃபவுண்ட்ரி என்ற கூட்டமைப்பு வகுத்த பொதுநெறிகள் இதைச் சாத்தியமாக்கின.

இனி இரண்டாவது கேள்வி. எதை உறுதியாக நம்பலாம்? சொல்லின் அடையாளத்தை நம்பலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முன்னொட்டும் பொருளற்ற ஓர் எண்ணும் உண்டு. ஜீன் ஒன்டாலஜியிலும் ஹியூமன் ஃபீனோடைப் ஒன்டாலஜியிலும் அது ஏழு இலக்கங்கள். எண் பெயரோடு கட்டப்பட்டதல்ல, வரையறையோடு கட்டப்பட்டது. ஜீன் ஒன்டாலஜியில் 0006915 என்ற எண்ணின் பெயர் முன்பு ‘அப்போப்டோசிஸ்’, பிறகு ‘அப்போப்டோசிஸ் செயல்முறை’ என்று மாற்றப்பட்டது, எண் மாறவில்லை. வரையறையின் பொருளே மாறினால் பழைய எண் வழக்கொழிந்தது என்று குறிக்கப்படும், அழிக்கப்படாது, வேறொரு பொருளுக்கு மறுபடி வழங்கப்படவும் மாட்டாது. பதிலாக எதைப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். பத்தாண்டுகளுக்கு முந்தைய கோப்பையும் இதனால் இன்று படிக்க முடிகிறது. கெபியில் மூலக்கூறின் கட்டமைப்பு, வாய்பாடு, மின்சுமை ஆகியவற்றையும், அதிலும் மூன்று நட்சத்திரம் பெற்ற, மனிதர் சரிபார்த்த பதிவுகளில், பெருமளவு நம்பலாம். அவை கணக்கிட்டுச் சரிபார்க்கத்தக்கவை.

நம்பிக்கை படிப்படியாகக் குறைவது, அந்தச் சொல்லை ஒரு மரபணுவோடோ நோயோடோ இணைக்கும் கூற்றில்; அன்னொட்டேஷன் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். சொற்றொகுதி வேறு, அதைக் கொண்டு எழுதப்பட்ட இணைப்புகள் வேறு. ‘ஜீன் ஒன்டாலஜி சொல்கிறது’ என்று ஆய்வேடுகளில் எழுதும்போது பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன. ஒவ்வொரு இணைப்போடும் ஒரு சான்றுக் குறியீடு வரும். ஐடிஏ என்றால் நேரடிச் சோதனை; ஐஎம்பி என்றால் மரபணுவை மாற்றிப் பார்த்த விளைவு; ஐஎஸ்எஸ் என்றால் வரிசை ஒப்புமையைக் கண்டு மனிதர் எடுத்த முடிவு; ஐஇஏ என்றால் கணினி தானாக ஏற்றியது, தனித்தனியே மனிதர் பார்க்காதது. எல்லா உயிரிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐஇஏ வகையே மிகப் பெரும்பான்மை. அதற்காக அவற்றைக் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, புதிதாக வந்த சோதனைச் சான்றுகளோடு ஒப்பிட்டு, கணினி இணைப்புகளின் நம்பகத்தன்மை சோதனையல்லாத வழியில் மனிதர் எழுதிய இணைப்புகளுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. அவற்றின் குறை பெரும்பாலும் பிழையில் இல்லை, பொதுமையில் இருக்கிறது. மேலோட்டமான சொல்லோடு நின்றுவிடும்.

பிழைக்கு உண்மையில் வழிவகுப்பவை இரண்டு சிறு குறிகள். இணைப்புக் கோப்பான ஜிஏஎஃப்-இன் நான்காம் நெடுவரிசையில் சில வரிகளில் ‘நாட்’ என்ற சொல் இருக்கும். இந்தப் புரதத்துக்கு இந்த வேலை இல்லை என்று சோதனையில் தெரியவந்தது என்று அதற்குப் பொருள். அந்த நெடுவரிசையைப் படிக்காமல் மரபணு எண்ணையும் சொல் எண்ணையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் நிரல், மறுப்பை ஒப்புதலாக மாற்றிவிடும். இன்னொன்று, என்டி என்ற சான்றுக் குறியீடு: க்யூரேட்டர் தேடிப் பார்த்தார், அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இது ஒருவருமே பார்க்காத மரபணுவிலிருந்து வேறுபட்டது. இந்த இரண்டையும் தவிர்த்து, இணைப்பே இல்லாமல் இருப்பதற்கு எந்தப் பொருளும் கிடையாது. ஒரு மரபணுவுக்கு ஒரு செயல்முறை எழுதப்படவில்லை என்பதால் அது அதைச் செய்யவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. எல்லோரும் ஆராயும் டிபி53 போன்ற மரபணுக்களிடம் இணைப்புகள் குவிந்து கிடக்கின்றன. யாரும் தொடாத மரபணுக்களிடம் ஒன்றிரண்டு மட்டுமே. தரவுத்தளம் உயிரியலைக் காட்டும்போது உயிரியலாளர்களின் ஆர்வத்தையும் சேர்த்தே காட்டுகிறது.

இது வெறும் எச்சரிக்கை அல்ல என்பதற்கு ஒரு நிகழ்வு. வெவ்வேறு உயிரிகளில் உள்ள ஒரே மூல மரபணுவின் வழித்தோன்றல்கள் வேலையில் ஒத்திருக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. 2011-இல் ஒரு குழு மனித, எலி இணைப்புகளை ஒப்பிட்டு, ஒரே உயிரிக்குள் இரட்டித்த மரபணுக்களே வேலையில் அதிகம் ஒத்திருக்கின்றன என்று எழுதியது; பெரும் விவாதம் எழுந்தது. அடுத்த ஆண்டே ஜீன் ஒன்டாலஜி கூட்டமைப்பினரும் வேறொரு குழுவும், அந்த முடிவின் பெரும்பகுதி இணைப்புகள் எழுதப்பட்ட விதத்திலிருந்து வந்தது என்று விளக்கினார்கள். ஒரே கட்டுரையில், ஒரே ஆய்வகத்தில், ஒரே உயிரியில் ஆராயப்பட்ட இரு மரபணுக்களுக்கு ஒரே மாதிரியான சொற்கள் கிடைப்பது இயல்பு. அந்தச் சாய்வை நீக்கிப் பார்த்தபோது பழைய நம்பிக்கை, சிறிய அளவில் என்றாலும், நிலைபெற்றது. கூற்றுகள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் அவற்றின் தொகுப்பிலிருந்து தவறான முடிவு வர முடியும் என்பதை இதை விடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

கெபியில் ஐயத்துக்கு உரியது ‘பங்கு’ என்ற உறவு. காஃபீனுக்கு மத்திய நரம்பு மண்டலத் தூண்டி, தாவர வளர்சிதைப்பொருள், மரபுப்பிறழ்வூக்கி என்றெல்லாம் பங்குகள் வரிசையாக இருக்கும். எந்த அளவில், எந்த உயிரியில், எந்தச் சூழலில் என்பது அங்கே இல்லை. மரபுப்பிறழ்வூக்கி என்ற சொல்லைக் கண்டதும் காப்பியைப் பற்றி முடிவெடுப்பது தவறு. இந்தப் பங்குகள் தேடுவதற்கு உதவும், இடர் மதிப்பீட்டுக்கு உதவா. ‘ஃபீனைல்அலனின் மிகுதி’ என்ற நோய்க்கூறும் அவ்வாறே அளவைச் சொல்லாது. சிகிச்சை பெறாத செவ்வியல் ஃபீனைல்கீட்டோனூரியாவில் லிட்டருக்கு 1,200 மைக்ரோமோலுக்கு மேல் போகும். இலேசான மிகுதி மட்டும் உள்ளவர்களிடம் அதில் பாதிகூட இராது. இரண்டும் ஒரே சொல்லில் அடங்கும். ஆகவே எண்ணளவைத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள், சொல்லாக மாற்றிவிட்டோம் என்று அதை நீக்கிவிடாதீர்கள்.

நோயோடு நோய்க்கூறை இணைக்கும் கூற்றுகளில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு நோயில் ஒரு குறைபாடு எத்தனை விழுக்காட்டினரிடம் வருகிறது என்ற விவரமும் சில வேளை சேர்த்து எழுதப்படும். அது எந்த நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். அறிவுத்திறன் குறைபாடும் வெளிறிய முடியும் ஃபீனைல்கீட்டோனூரியாவின் அடையாளங்களாக எழுதப்பட்டிருப்பது சிகிச்சை பெறாத நோயாளிகளின் வரலாற்றிலிருந்து. 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு கண்டறியும் முறையை அமைத்த பிறகு, பரிசோதனை முறையாக நடக்கும் நாடுகளில் பிறந்து உடனே உணவுக் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்ட குழந்தைகளிடம் அந்த அடையாளங்கள் பெரும்பாலும் தோன்றுவதில்லை. அத்தகைய குழந்தையின் தரவை இந்த அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டால் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். நோய் இல்லை என்று அதற்குப் பொருளல்ல. மேலும், வெளிறிய முடி என்பதை அந்தக் குடும்பத்தின் இயல்பான நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் பதிய வேண்டும். கருமுடி உடைய பெற்றோரின் குழந்தைக்குப் பழுப்பு முடி இருந்தாலே அது ஒரு செய்தி. வெளியான நோயாளி விவரங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுந்திருப்பதால் இந்த வகைச் சாய்வை இந்தியத் தரவைக் கையாளும் நீங்கள் தொடர்ந்து மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் நடைமுறைக்குச் சில விஷயங்கள். மரபணுப் பட்டியலில் எந்தச் செயல்முறை மிகுந்திருக்கிறது என்று கணக்கிடும்போது, பின்னணித் தொகுப்பாக மனித மரபணுக்கள் அனைத்தையும் வைக்காமல், உங்கள் சோதனையில் கண்டறியப்பட வாய்ப்பிருந்தவற்றை மட்டும் வையுங்கள். கல்லீரல் திசுவை எடுத்துவிட்டு மொத்த மரபணுக்களோடு ஒப்பிட்டால் ‘அமினோ அமிலச் சிதைவு’ மேலே வரும், அது உங்கள் நோயாளிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது, கல்லீரலைப் பற்றித்தான் சொல்லும். பழைய பதிப்பைப் பயன்படுத்தும் கருவிகளைத் தவிருங்கள்: 2015-இல் வெளிவந்த ஏறத்தாழ 3,900 கட்டுரைகளை ஆராய்ந்த ஒரு குழு, அவற்றில் 67 விழுக்காடு காலாவதியான மென்பொருளைச் சார்ந்திருந்ததை 2016-இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் வெளியிட்டது, அப்படிப்பட்ட கருவி, புதிய தரவு காட்டும் செயல்முறைகளில் 26 விழுக்காட்டை மட்டுமே கண்டது. மருத்துவக் குறிப்பிலிருந்து நோய்க்கூறு எண்களை எடுக்க மொழி மாதிரிகளைப் பயன்படுத்துவதாக இருந்தால், அவை சொல்லைச் சரியாகக் கண்டுகொண்டு எண்ணைத் தவறாகத் தருவது அடிக்கடி நடப்பதால், எண்ணை ஒருபோதும் அவற்றிடம் கேட்காமல், சொல்லை மட்டும் வாங்கி, அதிகாரபூர்வக் கோப்பில் பொருத்தி எண்ணை எடுங்கள்.

உங்களுக்கு வேண்டிய சொல் தொகுதியில் இல்லையென்றால் அருகில் உள்ளதைத் திணிக்க வேண்டாம். ஜீன் ஒன்டாலஜியும் ஹியூமன் ஃபீனோடைப் ஒன்டாலஜியும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் திறந்த நிலையில் நடத்தப்படுகின்றன. வரையறை, எந்தத் தாய்ச்சொல்லின் கீழ், ஆதாரமாக ஒரு கட்டுரை ஆகிய மூன்றையும் கொடுத்து யார் வேண்டுமானாலும் புதிய சொல் கேட்கலாம். மாணவர் என்பதற்காக யாரும் ஒதுக்குவதில்லை, நோயாளியை நேரில் கண்ட குழுவிலிருந்து வரும் வேண்டுகோளுக்குத்தான் பெரும்பாலும் நல்ல சொற்கள் பிறக்கின்றன. அது வரும்வரை, உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்குப் பொதுவான மேற்சொல்லில் பதிந்து, மருத்துவர் எழுதிய மூல வரியை அப்படியே பக்கத்து நெடுவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் ஒவ்வொரு தொகுதியின் வெளியீட்டுத் தேதி, இணைப்புக் கோப்பின் தேதி, எந்தச் சான்றுக் குறியீடுகளைச் சேர்த்தீர்கள் எவற்றை நீக்கினீர்கள், ‘நாட்’ வரிகளை என்ன செய்தீர்கள், எந்த உறவுகளின் வழியாக மேலே ஏறினீர்கள், பின்னணித் தொகுப்பு எது ஆகியவற்றை எழுதிவிடுங்கள். இவை இருந்தால்தான் உங்கள் முடிவை இன்னொருவர் அடுத்த வெளியீட்டைக் கொண்டு மறுபடி கணக்கிட்டுப் பார்க்க முடியும்.